இரண்டரைக் கிலோ

செவ்வாய், வியாழன், சனி.
காலை ஐந்தேகாலுக்குக் கதவில் மூன்று தட்டு.
நான்காவது தட்டுக்குள்
நான் நாற்காலியில் இருக்க வேண்டும்.

நீல பிளாஸ்டிக் நாற்காலி,
கல்யாண மண்டபத்தில் அடுக்கி வைப்பார்களே, அது.
இருபுறமும் இரும்புக் குழாய்.
பழைய டியூபை அறுத்துக் கட்டியவன் ஹஃபிசுல்,
மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவன்.
என் மடியில் பை. பையில் சால்வை, நான்கு பிஸ்கட்.
டயாலிசிஸ் அறைக் குளிர் எலும்பைத் தேடி வரும்.

பதினோராவது மாடி.
நூற்று எழுபத்தாறு படி.
லிஃப்ட் செத்து ஏழு மாதம்.
எங்கள் நடைபாதையில் நின்றால் இரட்டைக் கோபுரம் தெரியும்.
அங்கே எத்தனை லிஃப்டோ.

முதல் நாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.
பாடையில் போகிறவளுக்குக்கூட
முகம் திறந்துதானே இருக்கும் என்று
ஐந்தாவது மாடியில் தோன்றியது.
எடுத்துவிட்டேன்.

யார் எந்த நாள் என்பது பரிமளத்தின் நோட்டில் இருக்கும்.
கீழே நாசி லெமாக் விற்கிறவள், சங்கச் செயலாளர்;
சங்கம் என்றால் படிக்கட்டுக்கு அடியில்
துடைப்பங்களோடு பங்கு போட்டுக்கொண்ட ஓர் அறை.
பெயர். தோள், இடதா வலதா. முதுகுவலி உண்டா.
கடைசியில் கையெழுத்து.

செங்கோடன் இரவுக் காவல் முடிந்து
பூட்ஸைக் கழற்றாமல் வருவார்.
வெங் கியோங் சீனத்தில் படி எண்ணுவார்,
ஹஃபிசுல் மலாயில்.
திருப்பத்தில் இரண்டு கணக்கும் மோதும்,
நான் நடுவில் ஆடுவேன்.
நான்காவது ஆள் ஒன்பதாவது மாடி மியன்மார்ப் பையன்.
பெயர் கேட்டால் சிரிப்பான்.
தரைத்தளம் வரைதான் வருவான், கேட் வரை வரமாட்டான்.
கேட்டுக்கு வெளியே அட்டை கேட்பார்கள்.
அவன் கையெழுத்துப் போடுவதில்லை,
ஒரு மீன் வரைவான்.

போகும்போது ஐம்பத்தெட்டு கிலோ.
திரும்பும்போது ஐம்பத்தைந்தரை.
ஏறுகிறவர்களுக்கு
என்னால் முடிந்த உதவி அது.

பத்தொன்பது கடிதம் போனது மாநகர் மன்றத்துக்கு.
பேச்சில் லிஃப்ட், கடிதத்தில் மின்தூக்கி;
இரண்டும் நகரவில்லை.
‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று பதில் வந்தது,
பத்தொன்பது முறையும்.
இருபதாவது கடிதம் அழைப்பிதழ்.
கூட்டம் என் வீட்டில் என்று எழுதிவிட்டாள் பரிமளம்,
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

அதிகாரி வந்தார்.
எட்டாவது மாடியில் யாரோ தண்ணீர் கொடுத்தார்களாம்,
பத்தாவதில் டையைத் தளர்த்தினாராம்.
என் வீட்டில் உட்காரத் தகுந்தது நீல நாற்காலி ஒன்றுதான்.
உட்கார்ந்து, மூச்சு வாங்கி,
குழாயைத் தடவிப் பார்த்து, ‘இது என்ன?’ என்றார்.

பரிமளம் நோட்டைத் திறந்தாள்.
எண்பத்தாறு நாள்.
பக்கம் பக்கமாகப் புரட்டியவர்
மீனில் விரலை வைத்து நிறுத்தினார்.
‘இது யார்?’
செங்கோடன் விட்டத்தைப் பார்த்தார்.
வெங் கியோங்குக்கு அப்போது பார்த்து மலாய் மறந்துபோனது.
நான் இருமினேன்,
தேவைக்குச் சற்று அதிகமாகவே.

நாற்பது நாளில் லிஃப்ட் வந்தது.
உள்ளே கண்ணாடி. யாரும் எண்ணவில்லை.
முதல் தடவை தனியாக இறங்கும்போது
என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நாற்காலி இப்போது டி பிளாக்கில் இருக்கிறது.
அங்கே இன்னும் லிஃப்ட் இல்லை,
ஆள் எண்பது கிலோவாம்.
பரிமளம் புது நோட்டு வாங்கி
என்னிடம் தந்திருக்கிறாள், கோடு போட.
பெயர், தோள், முதுகுவலி, கையெழுத்து.
ஓரமாக
தலைப்பு எழுதாத ஒரு பத்தியும் விட்டேன்,
மீன் நுழையும் அகலத்துக்கு.